சம்பந்தி மாடி

குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விழுந்து வழிகிறது, கலாமணி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்திருக்கிறாள், தோள் குலுங்குகிறது, சிரிப்பு, வெளியே கேட்டுவிடவே கூடாத சிரிப்பு, மிக்ஸியில் சாய்த்து வைத்த செல்போனில் ‘சம்பந்தி மாடி’ என்ற பழைய டி.வி. தொடர் ஓடுகிறது, காதில் வயர், விருந்துக்கு வந்த இரண்டு சம்பந்திகளும் இலை முன்னால் நிற்கிறார்கள், நீங்க முதல்ல உட்காருங்க சம்பந்தி, அதெப்படி, நீங்க உட்காருங்க சம்பந்தி, சாம்பார் ஆறி, ரசம் வந்து, பாயசமும் வந்துவிட்டது, இருவரும் நின்றபடியே இருக்கிறார்கள், பக்கத்து அறையில் மகள் மிருதுளா பிளஸ் டூ பிசிக்ஸை உரக்க ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள், அந்தச் சத்தம் நின்றால் போனை அணைத்துவிட வேண்டும், ஒரு காது எப்போதும் அங்கேதான் இருக்கிறது.

ஈரோடே இந்தத் தொடரைப் பார்த்துச் சிரித்த காலத்தில் அவளும் பிளஸ் டூதான், அவளுக்கு முன்னால் அண்ணன் பிளஸ் டூ, பின்னால் தங்கை, புள்ளைக படிக்கோணும், வயரைக் கழட்டிட்டுப் போப்பா என்று கேபிள்காரரிடம் சொன்ன அப்பா மறுபடி மாட்டச் சொன்னபோது தொடரே முடிந்துபோயிருந்தது, வகுப்பில் தோழிகள் சம்பந்தி மாதிரி நடித்துக் காட்டுவார்கள், எதற்கென்று தெரியாமல் இவளும் சேர்ந்து சிரிப்பாள், நேத்து பாத்தியாடி என்றால் பாத்தேனே என்பாள், அடுத்து என்ன கேட்பார்களோ என்று புத்தகத்தைப் பிரித்துக்கொள்வாள், இப்போதும் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அவர்கள் நடித்த காட்சிகள் ஒவ்வொன்றாகப் போனில் வருகின்றன, ஓ இதுதானா, இதற்குத்தான் அம்சவேணி டெஸ்க்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாளா, இத்தனை வருஷம் கழித்துத் தோழிகளோடு நிஜமாகச் சிரிக்கிறாள், மாடியில் குடியிருக்கும் சம்பந்தியின் வீம்பு கட்டிய புருஷனின் வீம்பைவிட நன்றாகப் பழகிவிட்டது, ஆனால் இந்த வீட்டில் கேபிளைக் கழற்றச் சொன்னவள் அவளேதான், மகளின் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டியவளும் அவளேதான்.

ஒப்பிக்கும் சத்தம் நின்றிருக்கிறது, எப்போது நின்றதென்று தெரியவில்லை, வயரைப் பிடுங்கிப் போனைத் தலைப்புக்குள் மறைத்துத் திரும்பினால் வாசலில் மிருதுளா, முகம் வெளுத்திருக்கிறது, அழுகாதீங்மா என்கிறாள். தெனமும் பாக்கறனுங்மா, தண்ணியத் தொறந்து வுட்டுட்டு அழுகறீங்க, ரிவிஷன்ல மார்க் கொறஞ்சதுக்குத்தானே, சோறே எறங்க மாட்டேங்குது எனக்கு, பரீச்சைலயும் கொறஞ்சா உங்க மூஞ்சில எப்படி முழிக்கறது.

பேசாமல் இருந்துவிடலாம், கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி போய்ப் படி சாமி என்றால் போதும், பயத்திலேயே இன்னும் பத்து மார்க் கூட வாங்குவாள், தன் அப்பா இருந்தால் அதைத்தான் செய்திருப்பார், கலாமணியின் கை கண்ணைத் துடைக்கப் போகிறது, மகளின் வளையல் முழங்கை வரைக்கும் ஏறிக் கிடப்பது கண்ணில் படுகிறது, இந்தக் கை எப்போது இப்படி இளைத்தது. நான் அழுகல கண்ணு, சிரிச்சேன். சும்மா எனக்காகச் சொல்லாதீங்க. தலைப்புக்குள்ளிருந்து போனை எடுத்து நீட்டுகிறாள், மிருதுளா பார்க்கிறாள், சம்பந்திகள் இன்னும் நிற்கிறார்கள், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, இதுக்காங்மா, இதைப் பாத்துச் சிரிச்சதுக்கா நான் தெனம் செத்துட்டிருந்தேன், கன்னத்தில் கண்ணீர் பொலபொலவென்று இறங்குகிறது, இனி என்ன சொன்னாலும் நம்புவாளா என்றிருக்கிறது கலாமணிக்கு.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பீரோச் சாவியக் குடுங்க என்கிறாள் மிருதுளா, அம்மாவின் போனையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறாள், சாவியைத் தன் ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொள்கிறாள், பரீச்ச முடியற வரைக்கும் உங்களுக்கும் போன் கட்டு. யாராச்சும் கூப்பிட்டா? அப்பா போனுக்குக் கூப்பிடுவாங்க. அந்தச் சம்பந்திக உக்காந்தாங்களான்னு மட்டும் பாத்துக்கறனே கண்ணு. ஒண்ணும் வேண்டாம், சோறு போடுங்க, பசிக்குது.

மறுநாள் குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விழுகிறது, மிக்ஸியில் எதுவும் சாய்ந்திருக்கவில்லை, பாவம், இரண்டு பேரும் பீரோவுக்குள் நின்றுகொண்டே இருப்பார்களே என்று நினைத்ததும் தோள் குலுங்குகிறது, பழக்கத்தில் கை தலைப்பை வாய்க்குக் கொண்டுபோகிறது, உள்ளே ஒப்பிக்கும் சத்தம் நிற்கிறது, இவளுக்கு மூச்சே நிற்கிறது, அம்மா, என்கிறது குரல், சிரிக்கறதுன்னா எனக்குக் கேக்கற மாதிரி சிரிங்க.

கலாமணி குழாயை மூடுகிறாள்.