பதினாலாம் தட்டின் சிவப்பு

அமலா கடைசியாக ஏற்றிவைத்த பேனல் சோதனைப் பெட்டியின் பதினாலாம் தட்டில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் போய் நான்கு மாதம். படப்பை ரோட்டில் லாரி மோதி.

அவள் பார்த்த வேலையைக் கம்பெனியில் கணவன் கார்முகிலுக்கே கொடுத்திருந்தார்கள். உள்ளங்கை அகலக் கண்ணாடி. அதன்மேல் சிவப்பு, பச்சை, நீலமாகக் கண்ணுக்குத் தெரியாத பொடி எல்.இ.டி.கள், லட்சக்கணக்கில். அவற்றைச் சூட்டில் எரியவிட்டு எத்தனை நாள் தாங்குகின்றன என்று குறிக்க வேண்டும். பச்சையும் நீலமும் தாங்கிவிடும். முதலில் சோர்வது சிவப்புதான். அதன் வெளிச்சம் பாதிக்குக் கீழே போனால் பேனலை நொறுக்கிவிட வேண்டும். வெளியே கொண்டுபோக யாருக்கும் அனுமதி இல்லை.

திங்களன்று ஐம்பத்து மூன்று சதவீதம். செவ்வாய் ஐம்பத்திரண்டு. புதன் ஐம்பத்தொன்று.

வியாழன் காலை அவன் தட்டின் சூட்டைக் குறைத்தான். குளிர்ந்தால் சிவப்பு தெளியும், படித்தவனுக்குத் தெரியாதா? அறுபது டிகிரியை நாற்பதாக்கினான். ஐம்பத்தெட்டு காட்டியது. மனசு அடங்கவில்லை. ஐந்துக்கு இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனான்.

திரும்பி வந்தபோது கண்ணாடி வியர்த்திருந்தது. ஓரத்து இணைப்புகளில் நீர் இறங்கிப் பாதித் திரை கறுத்துக் கிடந்தது. அவன் சுவிட்சைத் தொடுவதற்குள் மீதியும் போயிற்று. துடைத்தான். காயவைத்தான். மறுபடி போட்டான். ஒரு புள்ளிகூட எரியவில்லை.

"இன்னா கார்முகிலு, உன் பேனலு மழையில நனைஞ்சிக்கினு வந்துச்சா?" சூப்பர்வைசர் டில்லிபாபு சிரித்துக்கொண்டே குனிந்தார். ஸ்டிக்கரில் அமலாவின் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "தங்கச்சி போட்டதாடா?"

"ஆமாண்ணே."

"நேத்து ரீடிங் இன்னா?"

"அம்பத்தொண்ணு."

"இன்னும் ஒரு நாளாவது ஓடியிருக்குமே. எதுக்குடா கைய வெச்ச?"

அவன் கண்ணாடியின் ஓரத்தை மறுபடி துடைத்தான்.

"இன்னிக்கி ஒரு நாள் அங்கியே இருக்கட்டும்ண்ணே."

"செத்தத வெச்சிக்கினு இன்னாடா பண்ணுவ?" சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகமூடிக்கு மேல் கண்ணைத் திருப்பிக்கொண்டார். "கேமரா பாத்துக்கினு கீது. நான் போட்டுட்றேன். நீ வெளிய நில்லு."

"வாணாண்ணே. நானே போட்றேன்."

நொறுக்கும் இயந்திரத்தில் பேனலை வைத்து மூடினான். பொத்தானை அழுத்தினான். மூன்று விநாடிச் சத்தம்தான். அதற்குப் பிறகு இயந்திரம் வெறுமனே சுற்றியது. அவன் விரலை எடுக்கவில்லை.

"வுட்றா," என்றார் டில்லிபாபு. "ஆயிடுச்சி."