அந்தப் பக்கம் வா

பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் ஒலி திருத்தும் கடை வைத்தவனுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்று தெருவில் பேச்சு. மலிவாகக் கிடைத்தது என்று பிடித்த இடம். மலிவாகக் கிடைப்பது சும்மா கிடைக்காது. கீழே ஒரு குண்டான் உருண்டால் மேலே அதுவரை செய்த வேலையும் சேர்ந்து உருளும். வேலையில்லாத நேரத்திலாவது காது ஓயட்டும் என்று அவர் பஞ்சு வைத்துக்கொள்வார். நாளடைவில் ஆளுக்கே பஞ்சு என்று பெயர் ஆகிவிட்டது. பெண்டாட்டிகூடக் கோபத்தில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவரிடம் வருவதெல்லாம் கச்சேரியில் போனில் பிடித்த வீடியோக்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துவிடுவார்கள். எறும்பின் காதில் யானை பிளிறினால் எறும்பு என்ன கேட்கும், என்ன சொல்லும்? வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தால் பாட்டு இருக்காது, தகரத்தைத் தரதரவென்று இழுக்கிற சத்தம்தான் இருக்கும். அந்தத் தகரத்தை நாள் முழுக்கக் கேட்பதுதான் பஞ்சுவின் பிழைப்பு. கேட்டுக் கேட்டு அவருக்குப் பாட்டு என்றாலே கொட்டாவி வந்தது.

அன்றைக்குக் காலையிலேயே ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"பாட்டு மட்டும் வேணும் தம்பி. நடுவுல எவனோ காட்டுக்கத்தல் கத்துறான் பாருங்க, அவனை மட்டும் தூக்கிடுங்க."

"அது நீங்கதான் அண்ணே. போன் உங்க கையில இருந்துச்சு, வாய் அதுக்கு மேல இருந்துச்சு."

"நானா? சரி, முழுசா வேணாம். பாதியாவது தூக்குங்க."

குரலைக்கூடப் பாதிக்குப் பாதி பேரம் பேசுகிறவரிடம் வாதாட அவருக்குத் தெம்பில்லை. வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினார்.

மத்தியானம் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு படியேறி வந்தாள். பின்னாலேயே அவள் தங்கையின் சங்கதியும் வந்தது. தங்கை ஒரு மெல்லிசைக் குழுவில் முன்வரிசைப் பாடகி. போன வாரம் ஒரு கல்யாணத்தில் பாடினாள். யாரோ போனில் பிடித்த அந்தப் பாட்டு ஊரெல்லாம் சுற்றுகிறது. கடைசி உச்சத்தில் அவள் குரல் காகிதம் மாதிரி கிழிகிறது. குழுத் தலைவர் அன்று வேறு கல்யாணத்துக்குப் போயிருந்தவர். அவர் கேட்டது இந்த வீடியோவை மட்டும்தான். அவளைப் பின்வரிசைக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. போன் செய்த கோளாறு என்று தங்கை சொன்னதற்கு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், பாட முடியாதவ போன் கோணல்னாளாம்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாராம்.

"நாளைக்குள்ள சுத்தமா ஆக்கிக் குடுங்க. அவர் மூஞ்சியில கொண்டு போய்க் காட்டணும்" என்றாள் மனைவி. "ஊரார் பாட்டுக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீங்க. கொழுந்தியாளுக்குப் பாக்க மாட்டீங்களா?"

சோறு ஆறிக்கொண்டிருக்க, பஞ்சு வீடியோவைக் கணினியில் ஏற்றினார். மனைவி பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். திரையில் ஒலி அலைகள் வேலிச் செடி போல ஓடின. மேளம் விழுந்த இடத்திலெல்லாம் செடியின் தலையைக் கத்திரிக்கோலால் வெட்டிய மாதிரி ஒரே மட்டம். போன் தாங்காத சத்தம் வந்தால் அப்படித்தான் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டது திரும்பி வராது. பக்கத்தில் இருப்பதைப் பார்த்து இப்படித்தான் வளர்ந்திருக்கும் என்று மென்பொருள் ஊகித்து வளர்க்கும். பொழுது சாயும் முன்னே முக்கால் பாட்டுக்குத் தலை முளைத்துவிட்டது.

கடைசி உச்சம் வந்தது. அங்கே மேளம் ஓய்ந்து, கீபோர்டு ஓய்ந்து, அவள் குரல் மட்டும் தனியாக ஏறுகிறது. அலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றுக்குக்கூடத் தலை வெட்டுப்படவில்லை. எல்லாம் உருண்டையாக, முழுசாக இருந்தன. போன் அந்த இடத்தில் ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறது.

"என்னங்க, நின்னுட்டீங்க?"

"இது போன் இல்லடி. தொண்டை."

மனைவி முக்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உண்மையைக் கேட்டுக்கிட்டு யாராவது உங்க கடைக்கு வர்றாங்களா? நல்லா இருக்கணும்னுதானே வர்றாங்க. அவளுக்கும் நல்லா ஆக்கிக் குடுங்க."

பஞ்சு மறுபடி திரையின் பக்கம் திரும்பினார். களைப்பும் ஒரு காரணம். இல்லை என்று சொல்வதைவிடச் செய்துவிடுவது சுலபம். பல்லவி முன்னால் வந்தபோது அதே உச்சத்தை அவள் பழுதில்லாமல் தொட்டிருந்தாள். அந்த ஓர் ஓசையை மட்டும் கத்தரித்துக் கடைசியில் கிழிந்த இடத்தில் வைத்தார். தையல் தெரியாமல் நீவிவிட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். உறுத்தவில்லை.

தங்கை வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. கடைசியில் சட்டென்று சிரித்துவிட்டாள்.

"அத்தான், காத்து எந்தப் பக்கம் போகணும்?"

"எந்தக் காத்து?"

"பாட்டு என்னன்னாவது தெரியுமா உங்களுக்கு? 'காற்றே, இந்தப் பக்கம் வா'ன்னு பாட்டு முழுக்கக் கூப்பிடுறேன். கடைசியில மட்டும் 'காற்றே, அந்தப் பக்கம் போ'ன்னு அனுப்பிடுவேன். அதுக்குத்தான் மேளமெல்லாம் நிக்குது. இங்க என்னடான்னா 'அந்தப் பக்கம் வா'ங்கிறேன். வாயைப் பாருங்க!"

பார்த்தார். திரையில் உதடு குவிந்து 'போ' என்றது. ஸ்பீக்கரில் போட்டதும் காதில் அகலத் திறந்து 'வா' விழுந்தது. மத்தியானத்திலிருந்து அந்த வரியைத்தான் கேட்டிருக்கிறார். ஓசை கேட்டது, சொல் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. முழுப் பூசணிக்காயை மறைத்தவர் காம்பை வெளியே விட்டுவிட்டார்.

மூவரும் சிரித்து அடங்கியதும் அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "மத்த இடமெல்லாம் என் குரலையே சரி பண்ணியிருக்கீங்க. இங்க மட்டும் ஏன் வேற எடத்துல இருந்து எடுத்து வெச்சீங்க?"

மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தை அவசரமாக அடுக்கினாள். "அது ஏதோ மெஷினுல..."

"அக்கா, சும்மா இரு. அத்தான், போனா, தொண்டையா?"

பஞ்சு சிரித்ததில் கசிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தொண்டைதான்மா."

அவள் அழுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவளோ பாரம் இறக்கி வைத்தவள் போல முதுகைச் சுவரில் சாய்த்தாள்.

"கொஞ்ச நாளாவே தெரியும். போன்தான், போன்தான்னு நானே என்னை ஏமாத்திக்கிட்டிருந்தேன். டாக்டர்கிட்டகூடப் போனேன். எங்க கிழியுது, பாடிக் காட்டுங்கன்னார். அங்க போய்ப் பாடினா ஒண்ணுமே இல்ல. மெக்கானிக்கைப் பாத்ததும் ஒழுங்கா ஓடுற வண்டி மாதிரி." கழுத்துத் துணியை அவிழ்த்து மடித்தாள். "ஒண்ணு பண்ணுங்க. பாட்டு பூரா இப்படியே சுத்தமா இருக்கட்டும். அந்த 'போ'வை மட்டும் இருந்தபடி திருப்பி வெச்சிடுங்க. கிழிசல் நல்லாக் கேக்கட்டும். டாக்டருக்குப் போட்டுக் காட்டுறேன்."

"அந்த ஆளுக்கு?" என்றாள் அக்கா.

அவள் போனை எடுத்து வாயருகே வைத்துக் குழுத் தலைவருக்குக் குரல் செய்தி பேசினாள். "அண்ணே, கூடம் கோணல் இல்ல, தொண்டைதான் கோணல். சரியாகுற வரைக்கும் பின்வரிசையில நிக்கிறேன். என் எடத்துல யாரையாவது நிரந்தரமா உக்கார வெச்சீங்க, உங்க கீபோர்டுல தண்ணி ஊத்திடுவேன்." கடைசி வார்த்தையில் குரல் பிசிறியது. அதையும் அப்படியே அனுப்பிவிட்டாள்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு படியிறங்கினாள். பஞ்சு ஒட்டிய துண்டைப் பிரித்து எடுத்தார். கிழிந்த 'போ' தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. ஒருமுறை போட்டுக் கேட்டார். இந்தத் தடவை சொல்லும் கேட்டது. நல்ல பாட்டுதான்.

கீழே குண்டான் ஒன்று உருண்டது. பஞ்சைத் தேடிக் காதில் செருகியபோதுதான், காலையில் வந்தவருடைய பாதிக் கத்தல் பாக்கியிருப்பது நினைவுக்கு வந்தது.