மாமியாரின் புத்தகத்தை மூடும் நாள்

“அண்ணா, மாமியாரோட எண்ணெய்க் குழாய் நட்டு கழலாம இருக்கக் கம்பி கட்டிட்டேன். கையெழுத்து மட்டும் நீ போட்டுடு. பொண்ணு வீட்ல எல்லாரும் காத்துட்டிருக்காங்க.”

“ஒழுங்கா கட்டினியாடா? நட்டை இறுக்குற பக்கமா கம்பி இழுக்கணும். நீ இடது கைக்காரன், அவசரத்துல திருப்பிக் கட்டிடுவே.”

“போண்ணா! எத்தனை தடவைதான் சொல்லுவே!”

எட்டு ஆண்டுகளுக்கு முன், பணிமனையின் பதிவறையில், பதிவேடு எழுதும் அவள் காதுபட அவள் கணவனும் கொழுந்தனும் பேசிக்கொண்டது இது. மாமியார் என்பது பதினொன்றாம் எண் போர் விமானம். எவ்வளவு செய்தாலும் ஏதாவது ஒரு குறை வைத்திருக்கும் என்பதால் அந்தப் பெயர். கணவன் விமானத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், ‘வேலை செய்தவர்’ என்ற கட்டத்தில் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். தூக்கி வளர்த்த தம்பியைப் போய்ச் சோதிப்பதா?

மறுநாள் வானத்தில் நட்டு கழன்று எண்ணெய் கொட்டியது; விமானம் ஓடுதளத்தில் மோதி இறங்கியது. விமானி உயிர் பிழைத்தார். அவருடைய கால் பிழைக்கவில்லை.

விசாரணையில் கையெழுத்தைத்தான் பார்த்தார்கள். அவள் வாயைத் திறக்கப்போனபோது கணவன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். “தம்பிக்கு இப்பதான் நிச்சயம் ஆகியிருக்கு. அவனாவே சொல்லுவான். கொஞ்சம் பொறு.”

அவன் சொல்லவில்லை. கல்யாணம் செய்துகொண்டான், குழந்தை பெற்றான், பணிமனைத் தலைவரும் ஆனான். அண்ணனுக்கு உரிமம் போயிற்று. எஞ்சின் உறிஞ்சிவிடாதபடி ஓடுதளத்தில் கல்லும் ஆணியும் பொறுக்கும் வேலைதான் கிடைத்தது. அண்ணன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தம்பிக்கு உள்ளே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தல் கூடக்கூடக் கேலியும் கூடியது. புதிதாக வரும் பயிற்சியாளர்களை அழைத்துவந்து காட்டுவான்.

“பாத்துக்குங்க. இவர் பேரு துடைப்பம். கம்பியத் திருப்பிக் கட்டினா கடைசில இப்படித்தான் பெருக்கணும்.”

எல்லோரும் சிரிப்பார்கள். கணவனும் கூடச் சிரிப்பான். வீட்டில் அவள் முதுகுக்குத் தைலம் தேய்க்கும்போது மட்டும், “பேச்சு நல்லாத்தான் வருது அவனுக்கு, இல்ல?” என்பான். தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டு அவள் தேய்ப்பாள்.

விபத்துக்குப் பின் பழுது பார்த்து மறுபடி பறக்கவிட்ட மாமியாருக்கு இன்று ஓய்வு. இறக்கைகளைக் கழற்ற ஆட்கள் வந்துவிட்டார்கள். முதல் நாளிலிருந்து மாற்றிய ஒவ்வொரு திருகும் பதிவான புத்தகம் அவள் மேசையில் விரிந்து கிடந்தது. தலைவர் கையெழுத்திட்டு முத்திரை வைத்துவிட்டால், அதன்பிறகு ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. பதிவறைக்காரியான அவளைவிட இது யாருக்குத் தெரியும்?

கொழுந்தன் இரண்டு பயிற்சியாளர்களோடு உள்ளே வந்தான். பின்னால் கணவன், சட்டையெல்லாம் புழுதி.

“அண்ணி, மூடுறதுக்கு முன்னாடி விபத்துக்குக் காரணம் ஒரு வரி எழுதணும்ல? அதைத் துடைப்பமே எழுதட்டும். பசங்க பாக்கணும்.”

“நான் எழுதிடறேன் தம்பி. அவருக்குக் கை நடுங்குது.”

“அன்னிக்கே நடுங்கியிருந்தா ஒருத்தருக்குக் கால் மிஞ்சியிருக்கும்.” பயிற்சியாளர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். “எழுதுங்க பெரியவரே. ‘என் கவனக்குறைவால்’னு ஆரம்பிங்க. அதையாவது பிழையில்லாம எழுதுங்க.”

ஒரு பையன் களுக்கென்று சிரித்தான்.

கணவன் யாரையும் பார்க்காமல் பேனாவை எடுத்தான். ‘என்’ என்று எழுதினான். அடுத்த சொல்லின் முதல் எழுத்து கோணிக்கொண்டு கோட்டுக்குக் கீழே இறங்கியது. அழித்து எழுத அனுமதியில்லாத புத்தகம் அது. அவன் பேனாவை மறுபடி சரியாகப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அடிக்காதே என்று கை தூக்கக்கூடத் தெரியாத பிள்ளையின் கழுத்தைப் போலிருந்தது அவன் கழுத்து.

அவள் அவன் விரல்களைப் பிரித்துப் பேனாவை எடுத்தாள். கொழுந்தனிடம் நீட்டினாள். எட்டு வருடமாக விழுங்கியது, பையன்கள் இருவரும் கேட்க, வெளியே வந்தது.

“‘அந்தக் கம்பியக் கட்டினது நான்தான்’னு நீங்களே எழுதுங்க, தம்பி.”