துவைத்த கோட்டு

என் வீட்டுக்காரருக்கு யுத்தம் என்றால் உயிர். வெளியே ஒருவரிடமும் குரலை உயர்த்திப் பேசாத மனுஷன். ஆனால் யாரோ போட்ட இரும்புத் தொப்பி, எவனோ இடுப்பில் கட்டிய பெல்ட் என்று தேடித் தேடி வாங்கி வீட்டை நிரப்பி வைத்திருந்தார். அதோடு விட்டாரா? சொந்தக்காரரைக் கண்டுபிடித்து, வீட்டுக்குக் கூட்டி வந்து, பொருளை அவர் கையில் கொடுத்து, அவர் கண் கலங்குவதை வீடியோ எடுத்தால்தான் இவருக்குத் தூக்கம் வரும்.

நிஜமாகவே யுத்தத்துக்குப் போய் வந்த ஒருவர் எங்கள் பின்னறையிலேயே இருந்தார். என் அண்ணன். அவரிடம் இவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அண்ணன் பட்டாளத்தில் சலவைப் பிரிவு. அடிபட்டவர்கள், செத்தவர்கள் உடுப்புகளைத் துவைத்து, கிழிசல் தைத்து, அடுத்து வருகிறவனுக்குக் கொடுக்கும் வேலை.

"துணி துவைச்சதையெல்லாம் வீடியோ எடுக்க முடியுமா?" என்பார் இவர், அண்ணன் காதுபடவே.

அண்ணனுக்குக் கல்யாணமாகவில்லை. என்னை விட்டால் நாதி இல்லை. அப்படிப்பட்டவரைத்தான் போன மாதம் கூப்பிட்டு, "மச்சான், கண்ணாடி அலமாரி வருது. பின்னறையைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க" என்றார். எங்கே போவார் என்று நான் கேட்டால், டேப்பை எடுத்துச் சுவரை அளக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கோட்டு வந்தது. இடது நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப்போன ரத்தக் கறை. கோட்டின் சொந்தக்காரர் மடியில் கிடந்து செத்த சிநேகிதனின் ரத்தமாம். அவர் வீட்டில் தெரியாமல் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். மறுநாள் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று நாங்கள் இருவரும் வெளியே போய்விட்டுத் திரும்பினால், கோட்டு கொடியில் தொங்குகிறது. பளிச்சென்று.

"பழைய கறை மாப்பிள்ளை, உயிரை வாங்கிடுச்சு," என்றார் அண்ணன் பெருமையாக. "நாளைக்கு அவர் வர்றார்ல? அவரோட கோட்டை அழுக்காவா காட்டறது?"

தன்னாலும் இந்த வீட்டுக்கு உபயோகம் உண்டு என்று காட்ட ஆசைப்பட்டிருக்கிறார், பாவம்.

இவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. பிறகு குரல் தணிந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

"கறை எங்கே, எவ்வளவு இருந்துச்சுன்னு உங்களுக்குத்தானே தெரியும்? அதை அப்படியே திருப்பி வச்சுடுங்க மச்சான். ரூம்ல நீங்களே இருந்துக்கலாம்."

கறிக்கடைக்கு நான் போக மாட்டேன் என்றுவிட்டேன். இவரே போய் ஆட்டு ரத்தம் வாங்கி வந்தார். பழைய நிறம் வரட்டும் என்று டிகாஷன் கலந்து, பிரஷ்ஷை அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். வேண்டாண்ணா என்று வாய்வரை வந்தது. ரூமை நினைத்து முழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் கோட்டுக்காரப் பெரியவர் வந்தார். கோட்டை மடியில் வைத்துக் கறையைத் தடவினார். பிறகு முகத்தை அதில் புதைத்துக்கொண்டு, "டேய், டேய்" என்று விசும்பினார். இவர் போனோடு கிட்டே கிட்டே போனார்.

டீ கொண்டு வந்த அண்ணன் தட்டைக் கீழே வைத்தார்.

"ஐயா, முகத்தை எடுங்க. அது ஆட்டு ரத்தம். உங்க சிநேகிதரோடது இல்லை. அதை நான் தெரியாம துவைச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க."

போச்சு, ரூம் போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் அந்த நிமிஷம் அண்ணனை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரு?"

"பட்டாளத்துல சலவைப் பிரிவுங்க."

"அதானே பார்த்தேன். சண்டைன்னா என்னன்னு பார்க்காதவன். அவன் என் மடியிலதான்டா போனான். அவன் ரத்தம் எனக்குத் தெரியாதா?" இவர் பக்கம் திரும்பினார். "முதல்ல இந்த ஆளை வெளியே அனுப்புங்க சார்."

"அவர் அப்படித்தான் ஐயா, எதையாவது உளறுவார்," என்றார் இவர். போனை இறக்கவே இல்லை.

அண்ணன் பின்னறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். வாசல்வரை ஓடினேன்.

"எங்கேண்ணா போவே?"

"நீ உள்ளே போ. அழுத ஈரத்துல அவர் கன்னமெல்லாம் ரத்தம் ஒட்டியிருக்கு. முகம் கழுவத் தண்ணி குடு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்?