அண்ணன் கேட்ட கத்தி

"ஷேவ் பண்ணிவிடுடா" என்று அண்ணன் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊரில் பாதிப் பேருக்குச் சவரம் செய்த கை இது. ஆனால் அவன் கேட்டது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு.

அவனுக்குத் திடீரென்று வந்தது, ரத்தம் உறையாத நோய். பல் துலக்கினால் ஈறு கசிகிறது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து, கை கடுக்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தாடிக்கு மெஷின் ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டிய இடமெல்லாம் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின, அதையும் நிறுத்திவிட்டார்கள். "ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் எங்க கையில இல்ல" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கடையில் கீறல் விழுந்தால் படிகாரத்தைத் தேய்த்து, "ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிடுவேன். இவனுக்கு எந்தப் படிகாரம் கேட்கும்?

"இப்ப எதுக்குண்ணா? உடம்பு தேறட்டும்."

"மத்தியானம் பாப்பா வர்றா."

பாப்பா என்றால் அவன் மகள். வெளியூரில் வேலை. அப்பாவுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் அண்ணி அவளிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

"பொறந்ததுலேருந்து என்னைத் தாடியோட அவ பாத்ததே இல்லடா. ஒரு நாள் நான் மழிக்காம இருந்ததில்ல. இப்படியே பாத்தான்னா வாசல்லயே புரிஞ்சுக்குவா. நான் ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசணும், அதுக்கப்புறம் தெரியட்டும்."

எரிச்சல்தான் வந்தது. எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் எப்போதும் எரிச்சல்தான் வரும்.

எங்கள் கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவனுடையது, ஒன்று என்னுடையது. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன், ஆனால் கத்தி விஷயத்தில் நாங்கள் எலியும் பூனையும். அவனுக்கு மடக்குக் கத்தி. தோல் வாரில் தீட்டித் தீட்டி, தினமும் அதைக் குழந்தை மாதிரி துடைத்து வைப்பான். "கனம்தான்டா வேலை செய்யும், கை சும்மா கூடப் போனாப் போதும்" என்பான். எனக்கு பிளேடு மாற்றுகிற கத்தி. "ஆளுக்கு ஒரு புது பிளேடு. உன் கத்தி எத்தனை பேர் கன்னத்தைப் பாத்திருக்கு, யோசிச்சுப் பாரு" என்பேன். உடனே அவன், "உன்னது கத்தியாடா? பிடி மட்டும்தானே உன்னோடது" என்பான். வாடிக்கையாளர்கள் இதைக் கேட்பதற்காகவே சீக்கிரம் எழுந்து போகமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். காது விஷயத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்கு முதுகைக் காட்டி நின்றபடியே, "டேய், பிளேடு மழுங்கிடுச்சு, சத்தமே சரியில்ல, மாத்து" என்பான். எடுத்துப் பார்த்தால் மழுங்கித்தான் இருக்கும்.

காலையில் போன் செய்து, தன் மடக்குக் கத்தியை எடுத்துவரச் சொன்னான். கையில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறான் என்று நினைத்து எடுத்து வந்திருந்தேன். வேலைப் பையைத் தூக்கினால் என் கத்தியும் கூடவே வரும், அதுவும் வந்திருந்தது. இரண்டையும் போர்வைமேல் வைத்தேன்.

"உன்னோடது வேண்டாம்ணா" என்றேன். "அது ஒரே இறக்கமா இறங்கும். சின்னதா வழுக்கினாலும்..."

"உன்னோடது மட்டும்? புது பிளேடு, வெடுக்குனு கடிக்குமே."

"அப்ப ரெண்டும் வேண்டாம்."

"அப்ப என் மூஞ்சி இப்படியே இருக்கட்டுங்கறியா?"

அவன் தன் கத்தியை எடுத்தான், திறக்கவில்லை, கட்டைவிரலால் பிடியைத் தடவினான். பிறகு அதை என் பக்கமாகத் தள்ளிவிட்டு, "சரி, உன்னோடதுலயே பண்ணு" என்றான்.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவன், நாலாவது காலைத் தானே எடுத்துக் காட்டினால் சந்தேகம் வர வேண்டாமா? எனக்கு வரவில்லை. கடைசியில் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நொடி சந்தோஷம் வேறு வந்து தொலைத்தது.

நர்ஸ் பக்கத்து அறைக்குப் போயிருந்தார். வெந்நீர் பிடித்து வந்து நுரை கலக்கினேன். பிரஷ் கன்னத்தில் பட்டதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிளேடைக் காகிதத்தோடு சேர்த்து இரண்டாக ஒடித்தேன். பாதியைக் கத்தியில் செருகினேன். காதோரம் தோலை இழுத்துப் பிடித்தேன். பழக்கத்தில் கொஞ்சம் அழுத்திவிட்டேன்போல. விரலை எடுத்த பிறகும் அந்த இடம் சிவந்தே இருந்தது.

முடியவில்லை. என்னால் முடியாது. ராத்திரி முழுக்க உட்கார வைத்துக் கெஞ்சினாலும் முடியாது. ஆனால் நுரை போட்ட முகத்தோடு, அப்படியொரு நிம்மதியில் படுத்திருப்பவனை எழுப்பி, அதைச் சொல்லவும் முடியாது.

சத்தம் வராமல் பிளேடை உருவி, காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெறும் பிடியை வைத்து நுரையை வழிக்க ஆரம்பித்தேன். அதன் விளிம்பு மழுங்கல், தோலை ஒன்றும் செய்யாது. காதோரத்திலிருந்து தாடைவரை, தாடையிலிருந்து கழுத்துவரை, நிஜமாகச் செய்வதைப் போலவே செய்தேன். நுரை போன இடத்தில் நரைத்த தாடி அப்படியே ஈரமாக நின்றது.

நர்ஸ் உள்ளே வந்துவிட்டார். என் கையைப் பார்த்து, கத்துவதற்காக வாயைத் திறந்தார். பிடியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். பிளேடு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்ததைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போனார்.

மேலுதடு, மோவாய், ஒன்றையும் விடவில்லை. வெந்நீர்த் துண்டால் ஒற்றியெடுத்தேன். அடுத்ததாகக் கண்ணாடி காட்ட வேண்டும். கடையில் எங்கள் இருவருக்கும் அதுதான் வழக்கம். பையில் கண்ணாடி இருந்தது. கையை உள்ளே விட்டவன், விட்டபடியே நின்றேன்.

"கண்ணாடி வேண்டாம்டா" என்றான், கண்ணைத் திறக்காமலே.

"ஏண்ணா?"

"இவ்ளோ தாடி. ஒரு சரக்குனு சத்தம் வரலையே."

என் முகத்தில் ரத்தம் ஏறியது. அவன் காதை நான் எப்படி மறந்தேன்?

"என்னோடதுதான் வேணும்னு நான் அடம் பிடிச்சிருந்தா என்னடா பண்ணியிருப்ப?" என்றான். "அதுல கழட்டறதுக்கு ஒண்ணும் கிடையாதே."

துண்டை எடுத்து, ஏற்கெனவே ஒற்றிய கழுத்தையே மறுபடி ஒற்றினேன்.

"லோஷன் இருந்தாக் கொஞ்சம் போடு. வாசனையாவது வரட்டும்."

உள்ளங்கையில் ஊற்றி, பட்டும் படாமலும் தாடிமேல் தடவினேன். எரிகிறதா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மழிக்காத முகத்தில் எப்படி எரியும்? "ஆமா, லேசா" என்றான்.

அப்போது கதவு திறந்தது. பாப்பா பெட்டியை இழுத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு ஓர் அடி உள்ளே வைத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த அடி வைக்கவில்லை. அவன் பயந்தது அப்படியே நடந்தது, வாசலிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் அங்கேதான் நின்றேன், ஈரத்துண்டைப் பிடித்துக்கொண்டு.

அண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"வா பாப்பா. உன் சித்தப்பன் லட்சணத்தைப் பாரு. நீ வர்றதுக்குள்ள ஷேவ் பண்ணிவிடுடான்னு சொன்னா, பெரிய தொழில்காரன், பிளேடு எடுத்துட்டு வர மறந்துட்டான்."

அவள் என்னைப் பார்த்தாள். சட்டைப் பைமேல் கையை வைத்துக்கொண்டேன்.

"ஆமாம்மா" என்றேன். "மறந்துட்டேன்."