தூக்கத்தில் சொன்ன ஆமென்

அந்தச் சபையில் எதற்கும் ஓட்டெடுப்பு கிடையாது. யாரும் கை தூக்க வேண்டாம், யாரும் எழுந்து நின்று கேள்வி கேட்க வேண்டாம். நடக்க வேண்டிய காரியத்தை பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாகவே சொல்லிவிடுவார். கூடியிருப்பவர்கள் ஆமென் என்பார்கள். அத்தோடு காரியம் முடிந்தது. பிறகு யாராவது முணுமுணுத்தால், "அன்னைக்கு ஆமென் சொன்னீங்களே சிஸ்டர்" என்று ஒரு புன்சிரிப்பு வரும். அந்தப் புன்சிரிப்புக்கு மேல் அப்பீல் இல்லை. பச்சை நாற்காலிகள் நீல நாற்காலிகள் ஆனது அப்படித்தான். பாஸ்டரின் மச்சான் வாலிபர் சங்கத் தலைவர் ஆனதும் அப்படித்தான். அவர் பேரன் எடுத்தவர் என்பதை ஆண்டவர் கவனிக்கத் தவறிவிட்டார் போலும்.

சபை கூடுவது ஒரு டயர் கடையின் மாடியில். கீழே சக்கரங்களுக்குக் காற்றடிப்பார்கள், மேலே மனிதர்களுக்கு.

இந்தச் சபையில் ஐஸ்காரர் என்று ஒருவர் இருந்தார். ஐஸ் விற்பவர் அல்ல. மீனையும் இறைச்சியையும் உறையவைத்து அடுக்கும் குளிர்கிடங்கில் பெட்டி தூக்குகிறவர். நாளெல்லாம் தடித்த அங்கியும் கையுறையும் போட்டுக்கொண்டு, மூக்கு நுனி மரத்துப்போக, பெல்ட்டில் வரும் பெட்டிகளை எடுத்து அடுக்குவார். வெளியே வந்து உடம்பில் சூடு ஏறும்போது ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக வலிக்கும். அந்த வலி அடங்கியதும் தூக்கம் வரும். சும்மா வராது, ஆளையே தூக்கிக்கொண்டு போகும். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வேலையிலிருந்து நேராக வருவார். ஜன்னல்களை அடைத்து, இத்தனை பேர் மூச்சுவிட்டுக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அந்த வெதுவெதுப்பில், முதல் பாட்டு முடிவதற்குள் அவர் தலை தொங்கிவிடும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தலை குனிந்திருப்பதைப் பார்த்து, என்ன தாழ்மை என்று சில சிஸ்டர்கள் உருகியதும் உண்டு.

அவருக்கு ஒரே மகள். சட்டைக்குக் காலர் தைக்கும் கம்பெனியில் மிஷின் ஓட்டுபவள். அவளைக் கட்டியவன் சபையில் கீபோர்டு வாசிப்பவன், எல்லோருக்கும் செல்லமாகக் கீபோர்டுத் தம்பி. பாஸ்டரே முன்னின்று முடித்துவைத்த கல்யாணம். அந்தத் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்குப் போடவேண்டிய வெள்ளைச் சட்டையில் மடிப்பு சரியாக விழவில்லை என்று, அவள் வலது கையை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். சாத்திவிட்டு அழுத்தினான். பிறகு வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு போய், ஆண்டவர் நல்லவர் என்ற பாட்டுக்குக் கண்ணீர் மல்க வாசித்தான். அவள் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தாள். இரண்டு விரல்கள் அதன்பிறகு மடங்கவே இல்லை. ஊசிக்கு அடியில் துணியைத் தள்ளிக்கொடுப்பது அந்த விரல்கள்தான். கம்பெனியில் இப்போது பட்டன் எண்ணி உறையில் போடும் வேலை கொடுத்திருந்தார்கள்.

சபையில் இது கை தவறிப் பட்டுவிட்ட விஷயமாக இருந்தது. கட்டில் கடை வைத்திருக்கும் மூப்பர், கதவு என்று இருந்தால் சாத்தத்தானே செய்யும் என்று தத்துவம் சொன்னார். பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்து, பெண்பிள்ளைகள் பொறுத்துப்போவதைப் பற்றி நீளமாகப் பேசிவிட்டு, விரல்களைப் பார்க்காமலே போனார். இவ்வளவு அக்கறைக்கும் காரணம் இருந்தது. மனைவி பிரிந்துபோன துக்கத்தில் கீபோர்டுத் தம்பிக்கு மனம் நொந்துவிட்டதாம். நொந்த மனதோடு வாசிக்க முடியாதாம். அவன் வருவதை நிறுத்திவிட்டான். பாஸ்டரம்மாவே முன்னால் நின்று கைதட்டித் தாளம் பிடித்துப் பார்த்தார். ஆண்கள் ஒரு பாட்டையும் பெண்கள் இன்னொரு பாட்டையும் பாடுவது போல இருந்தது. சபையின் ஆண்டுவிழா வேறு நெருங்கிக்கொண்டிருந்தது, வெளியூரிலிருந்து பெயர்பெற்ற பிரசங்கியார் வரப்போகிறார். அவர் முன்னால் கைதட்டிக்கொண்டு நிற்க முடியுமா? ஆகவே ஒரு குடும்பம் சேரவேண்டியது மிகவும் அவசியமாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை பாஸ்டர் வழக்கம்போலக் கண்ணை மூடினார். நாடுகளுக்காகவும் தலைவர்களுக்காகவும் ஜெபித்து, மழைக்காக ஜெபித்து, மெல்ல இறங்கி வந்தார். பிரிந்திருக்கிற ஒரு குடும்பம் உம் சமுகத்தில் நிற்கிறது என்றார். ஞாயிறு சாயங்காலம் அந்த மகள் தன் வீட்டுக்குத் திரும்புகிறாள், பெற்ற தகப்பனே அவள் கையைப் பிடித்துக் கொடுக்கிறார், அதற்காக ஸ்தோத்திரம் என்றார். சொல்லிவிட்டு நிறுத்தினார். சபை மொத்தமும் வாயைத் திறக்காமல் தகப்பனுக்காகக் காத்திருந்தது.

தகப்பன் நல்ல தூக்கத்தில் இருந்தார். கிடங்கில் பெல்ட் நின்றால் கையிலிருப்பதைக் கீழே வைத்துப் பழகிய உடம்பு, சபையில் சத்தம் நின்றால் ஆமென் சொல்லிப் பழகிய வாய். சத்தம் நின்றது. "ஆமென்" என்றார்.

அவர் விழித்தபோது ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். மூப்பர் கட்டிப்பிடித்து, பெரிய மனசு தம்பி உனக்கு என்றார். எதற்கு என்று தெரியாமலே ஐஸ்காரரும் சிரித்துவைத்தார். டயர் கடைப் படியில் இறங்கும்போதுதான் மனைவியிடம் கேட்டார். அவள் சொன்னதும் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"நீ எதுக்குச் சும்மா இருந்த?"

"சும்மா இருக்கலையே, நானும் ஆமென்தான் சொன்னேன். நீங்க சொன்னீங்களேன்னு."

"நான் தூங்கிட்டிருந்தேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? கணீர்னு சொன்னீங்க. என்கிட்ட கேக்காம முடிவு பண்ணிட்டீங்களேன்னு எனக்கு வயிறெரிஞ்சுது."

மறுநாள் ஐஸ்காரர் பாஸ்டர் வீட்டுக்குப் போனார். முன்னறையில் சுவரெல்லாம் வசனம். தரை வழுவழுவென்று மின்னியது. மூப்பரும் அங்கேயே இருந்தார். அவர் எப்போதும் அங்கேயேதான் இருப்பார். ஐஸ்காரர் உட்காராமல் விஷயத்தைச் சொன்னார், தூக்கத்தில் வாய்தவறி வந்தது, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று. பாஸ்டர் அந்தப் பிரசித்தமான புன்சிரிப்பைச் சிரித்தார்.

"பிரதர், தூங்கினது கண்ணு. வாய் முழிச்சுதானே இருந்துச்சு?"

மூப்பர் தொடையைத் தட்டிச் சிரித்தார். கட்டில் விற்கிறவருக்குத் தூக்கத்தைப் பற்றிய நகைச்சுவை என்றால் தனிப் பிரியம்.

"தோட்டத்துல ஆண்டவர் ஜெபிச்சப்ப சீஷர்களும்தான் தூங்கினாங்க ஐயா" என்றார் ஐஸ்காரர். "முழிச்சதும் அவங்ககிட்ட யாரும் மகளைக் கேக்கலையே."

பாஸ்டர் புன்சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கர்த்தர் முன்னால் போன வார்த்தையைத் திரும்ப எடுப்பது ஆபத்து, அது வீட்டையே பாதிக்கும் என்று குரலைத் தாழ்த்திப் பயமுறுத்தினார். மூப்பருக்குப் பொறுமை போதவில்லை.

"எதுக்குத் தம்பி இழுத்தடிக்கிற? இந்த ஞாயிறு அனுப்பிட்டா அவனும் மனசு லேசாகி வந்துருவான். புதுப்பாட்டெல்லாம் இருக்கு, பழகிப்பார்க்க நாள் வேணும்ல?"

பாஸ்டர் இருமினார். மூப்பர் வாயை மூடிக்கொண்டார். ஐஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவ விரலு?"

"அதுக்குத்தான் ஜெபிக்கிறோமே" என்றார் பாஸ்டர்.

வீட்டுக்கு வந்தால், செய்தி அவருக்கு முன்பே வந்திருந்தது. சிஸ்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கூப்பிய கைகளும் ரோஜாப்பூவும். மகள் இடது கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"ஆமென் சொன்னீங்களாமேப்பா."

தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மகளின் வாழ்க்கையைச் சபை தீர்மானிக்கும்போது வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றார். அவள் அடுத்த துணியை எடுத்தாள். அவர் கேட்ட அந்தக் கேள்வியைவிடக் கேவலமான பதில் அந்த வீட்டில் அதுவரை சொல்லப்பட்டதில்லை.

ஞாயிறு சாயங்காலம் வந்தார்கள். பாஸ்டர், பாஸ்டரம்மா, மூப்பர், பின்னால் வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை. மடிப்பு கத்தி போல இருந்தது. வீட்டில் இருந்த நாற்காலிகள் எல்லாம் நிரம்ப, ஐஸ்காரர் சுவரோரமாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பழசையெல்லாம் மறந்துருவோம் மாமா" என்றான் மாப்பிள்ளை, மன்னிக்கிறவன் தோரணையில். "எனக்கு மனசுல ஒண்ணும் இல்லை."

அது உண்மைதான். அவன் மனதில் ஒன்றும் இருந்ததாக யாரும் இதுவரை கண்டதில்லை.

முதலில் ஜெபிப்போம் என்றார் பாஸ்டர். எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஐஸ்காரருக்கு அன்று விடுமுறை, நன்றாகத் தூங்கி எழுந்திருந்தார். பல வருடத்தில் முதல்முறையாக ஒரு ஜெபத்தின்போது அவர் கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணுக்குச் சபை முழு அழகோடு தெரிந்தது. பாஸ்டரம்மா அரைக்கண்ணால் ஜன்னல் திரையை எடைபோட்டுக்கொண்டிருந்தார். மூப்பர் கொட்டாவியைக் கர்ச்சீப்பில் சுற்றிக்கொண்டிருந்தார். பாஸ்டர் வார்த்தைக்கு வார்த்தை குரலை ஏற்றி இறக்கியபடி கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். மாப்பிள்ளை மட்டும் கண்ணை இறுக மூடியிருந்தான். அவன் விரல்கள் முழங்காலின் மேல் ஏதோ புதுப்பாட்டை வாசித்துப் பழகிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் ஓடின, அந்தப் பக்கம் ஓடின. பத்து விரல்களும் அழகாக மடங்கின, அழகாக நிமிர்ந்தன.

ஐஸ்காரர் எழுந்தார். ஜெபத்தின் நடுவில் யாரும் எழுவதில்லை. ஸ்டூல் தரையில் கிரீச்சிட்டது. அவர் உள்ளறைக்குப் போனார்.

மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் பை, ஜிப் மூடியாகிவிட்டது. அழுத மாதிரி இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் போல இருந்தாள்.

"நான் தூங்கிட்டேன்மா" என்றார். "வெள்ளிக்கிழமை. அவர் என்ன சொன்னாருன்னே தெரியாம ஆமென்னுட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாமேப்பா."

"வெக்கமா இருந்துச்சு."

"என்னை அனுப்புறதைவிடவா?"

வெளியே பாஸ்டர் குரல் ஏறிக்கொண்டிருந்தது. தகப்பனைப் பலப்படுத்தும் ஆண்டவரே என்றது. ஐஸ்காரர் குனிந்து பையைத் தூக்கினார். உறைந்த பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற கைக்கு அது ஒரு கனமே இல்லை. கட்டிலின் மேல் கவிழ்த்தார். மடித்துவைத்ததெல்லாம் சரிந்து விழுந்தது.

திரும்ப முன்னறைக்கு வந்து, ஜெபம் முடியக் காத்திராமல், சந்தையில் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னார்.

"போதும் ஐயா. எந்திரிங்க."

பாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்தார். "ஜெபம் நடக்குது பிரதர்."

"நடக்கட்டும். மீதியை டயர் கடை மாடியில போய் முடிச்சுக்கங்க. என் பொண்ணு வரமாட்டா."

மாப்பிள்ளையின் விரல்கள் நின்றன. "மாமா, சபை முன்னாடி ஆமென் சொன்னீங்க."

"சொன்னேன். இப்ப முழிச்சிருக்கேன். இல்லைங்கறேன்."

"ஆண்டவருக்குக் கொடுத்த வார்த்தை தம்பி" என்று மூப்பர் ஆரம்பித்தார்.

"ஆண்டவர் என் பொண்ணைக் கேக்கலை. நீங்கதான் கேட்டீங்க. அதுவும் கீபோர்டு வாசிக்க ஆள் இல்லைன்னு."

அந்த நேரம் பார்த்து மனைவி டீ தட்டோடு வந்தாள். வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் புரிந்துபோயிற்று. ஒரு கப்பைக்கூட இறக்காமல், தட்டோடு அப்படியே திரும்பிச் சமையலறைக்குப் போய்விட்டாள். நீட்டிய கையை மூப்பர் மெல்ல மடக்கிக்கொண்டார்.

போகும்போது பாஸ்டர் வாசலில் நின்று, உங்களுக்காக ஜெபிப்போம் என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வருகிறபோது, கடை வாசலில் கடன் இல்லை என்று எழுதித் தொங்கவிட்ட அட்டை போல இருக்கும்.

கீபோர்டுத் தம்பி அடுத்த வாரமே வந்து வாசித்தானாம். மனைவி திரும்பாமலேயே மனம் தானாக லேசாகிவிட்டது. ஆண்டுவிழாவில் பிரசங்கியார் அவன் தலைமேல் கைவைத்து, இந்த விரல்களை ஆசீர்வதியும் என்று கண்ணீர்விட்டாராம். இதையெல்லாம் ஐஸ்காரரின் மனைவிதான் சபையிலிருந்து வந்து சொன்னாள். ஐஸ்காரர் போவதை நிறுத்திவிட்டார்; வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே காலை நீட்டித் தூங்கினார். அவள் மட்டும் விடாமல் போய்க்கொண்டிருந்தாள். இருபது வருடமாகப் போன இடத்தை விட்டால் வேறு எங்கே போய் உட்காருவேன், யார்கிட்ட போய் அழுவேன் என்றாள். அவருக்கு அது எரிச்சலாக இருந்தது, ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் திரும்பி வந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு உங்களுக்குத்தான் ஜெபம். பேரைச் சொல்லியே ஜெபிச்சார். கல்லாப்போன இருதயம் உருகணும், இவர் மகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கணும்னு. சொல்லிட்டு நிறுத்திட்டு, என்னையே பார்த்துட்டு இருந்தார். எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்க."

மகள் உள்ளே பழைய துணி ஒன்றை வைத்து, கடன் வாங்கி வந்த மிஷினில் இடது கையால் தள்ளித் தைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. ஐஸ்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"நீ என்ன சொன்ன?"

"நானா?" என்றாள். "எனக்கு ஒரே இருமல்."