சிவப்பு அட்டை

மீட்டர் வந்த நாளிலிருந்து மாமனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசல் சுவரில் புதிதாக மாட்டிய பெட்டியில் ஒரு குட்டி விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அதற்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "பாரும்மா, என் மெஷின் ஓடினா எவ்ளோ வேகமா சிமிட்டுது" என்பார், ஏதோ திருடனைக் காட்டிக்கொடுப்பவர் மாதிரி.

நாங்கள் இருப்பது அனல்மின் நிலையத்தின் குடியிருப்பில். நாற்பது வருஷமாக இங்கே மீட்டரும் கிடையாது, பில்லும் கிடையாது. நிலையத்திலிருந்து நேராக வீட்டுக்குக் கரண்ட். ஹால் விளக்குக்கு எது சுவிட்ச் என்று கேட்டால் இன்றைக்கும் முழிப்பேன். அதை அணைத்தால்தானே தெரியும்! இப்போது நிலையம் பழசாகிவிட்டது, புகை அதிகம் என்று வெள்ளிக்கிழமையோடு மூடுகிறது அரசாங்கம். மூடட்டும். காயப்போட்ட துணியிலிருந்து அந்தச் சாம்பலை நானும்தான் உதறியிருக்கிறேன். ஆனால் முப்பது வருஷம் அங்கே அதே சாம்பலை அள்ளித்தான் மாமனாரின் நெஞ்சு கெட்டது. அந்த நெஞ்சுக்காக ராப்பகலாக ஓடும் மெஷினுக்கு யார் பில் கட்டுவது என்று அறிவிப்பில் ஒரு வரி இல்லை. படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை மதியம் கடைக்குப் போய்விட்டு வந்தேன். காலை ஷிப்ட் முடிந்து கணவரும் கூடவே வந்தார். வீட்டுக்குள் மெஷின் சத்தம் இல்லை. கட்டிலில் மாமனார், உதடு நீலம் பூத்துக் கிடந்தார். அணைத்திருந்த மெஷின் சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது: 'ஆள் வேலையில் இருக்கிறார். சுவிட்சைப் போடாதே.' கீழே அவர் கையெழுத்து.

நிலையத்து அட்டை அது. இயந்திரத்துக்குள் கை விடுகிறவர் சுவிட்சில் மாட்டிவிட்டுப் போவார். மாட்டியவர்தான் எடுக்கவேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. என் கணவர் அங்கே இருபது வருஷமாக ஆபரேட்டர். சுவிட்சை நோக்கிப் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"அப்பா, அட்டைய எடுங்கப்பா" என்று கெஞ்சுகிறார் மனுஷன்!

நான் அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

மூச்சு திரும்பியதும் மாமனார் முதலில் சொன்னது, "அடுத்தவன் அட்டைய எடுத்தா வேலைய விட்டே தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும் மாமா. வெள்ளிக்கிழமை எல்லாரையும்தான் தூக்கப் போறாங்க."

"அதான்மா சொல்றேன். இவனுக்கு அடுத்த வேலை எப்பவோ. நான் இல்லன்னா பாதி பில்லு மிச்சம்."

அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன எனக்கு. கட்டிலுக்கு அடியில் கிடந்த அட்டையை எடுத்துத் திருப்பி, பின்பக்கம் எழுதினேன்: 'ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். சுவிட்சை அணைக்காதே. இப்படிக்கு, மருமகள்.' சுவிட்சில் கட்டினேன்.

"இது என் அட்டை. எங்க, தொடுங்க பாப்போம்!"

மாமனார் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"எதுவரைக்கும்னு போடலியே. அது இல்லாத அட்டை செல்லாது."

பேனாவோடு நின்றேன். கணவருக்கு எப்போது வேலை கிடைக்கும், பில் எவ்வளவு வரும், மாமாவின் நெஞ்சு எத்தனை நாள் தாங்கும், ஒன்றும் தெரியாது. நிலையத்து நோட்டீஸ் பலகையில் எதற்கெடுத்தாலும் ஒரு வரி போடுவார்கள். அதையே எழுதினேன்: 'மறு உத்தரவு வரும் வரை.'

"உத்தரவு யாரு போடணும்?"

"நான்தான்."

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதன்பிறகு அவர் கை அந்த சுவிட்ச் பக்கம் போகவில்லை. வாசலில் மீட்டர் வேகவேகமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.